திங்கட்கிழமைத் திருக்கைகள்

கரையில் தெய்ஹோத்துவை நாய்கூட மதிக்காது. பாதையில் படுத்திருக்கிற நாய் அவன் வந்தால் எழுந்திருக்காது. அவன்தான் சுற்றிக்கொண்டு போவான். பின்னால் வருகிற அவன் மனைவி தபேத்தா ஒரு மிதி மிதித்தாள் என்றால் நாய் வேலியைத் தாண்டி ஓடும். ரொட்டி வாங்கக் கடையில் நின்றால் பின்னால் வந்த நாலு பேர் வாங்கிப் போன பிறகுதான் அவன் முறை வரும். கோயில் பாட்டுக்குழுவில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் அவனுக்கு இடம். குரல் அப்படி. அண்ணன்மார் நிலத்தைப் பங்கு போட்டபோது மலைச்சரிவில் ஆடு ஏறவே யோசிக்கிற ஒரு துண்டை அவன் தலையில் கட்டினார்கள். அதற்கும் சரி என்று சொல்லி, அவர்கள் கொடுத்த பப்பாளியையும் வாங்கிக்கொண்டு வந்தான். தபேத்தா அந்தப் பப்பாளியைப் பன்றிக்குப் போட்டாள்.

அதே ஆள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டால் ராஜா.

சின்னத்தீவுக்கு எதிரே, பவளப்பாறைக்கு உள்பக்கம், காயலில் ஒரு மணல்திட்டு இருக்கிறது. தண்ணீர் இடுப்புக்கு மேல் வராது. அடியில் மணல் மாவு மாதிரி வெளுத்துக் கிடக்கும். சுற்றுலாப் படகு வந்து நின்றதும் தெய்ஹோத்து முதலில் குதிப்பான். காதோரம் ஒரு வெள்ளைப் பூ, இடுப்பில் சிவப்புக் கைலி, கையில் சூரை மீன் துண்டு போட்ட வாளி. உள்ளங்கையால் தண்ணீரை மூன்று தட்டு தட்டுவான். நாலா பக்கத்திலிருந்தும் கறுப்புக் கம்பளம் விரிந்து வருகிற மாதிரி திருக்கை மீன்கள் வரும். காலைச் சுற்றும், முதுகில் ஏறும், தோளில் தொங்கும். வெள்ளைக்காரிகள் அலறுவார்கள். அவன் ஒன்றைத் தூக்கி மூக்கில் முத்தம் கொடுப்பான்.

"காலைத் தூக்கி வைக்காதீங்க. தேச்சுத் தேச்சு நடங்க. மணலுக்குள்ள படுத்திருக்கும், மிதிச்சாத்தான் முள்ளால குத்தும். மிதிக்கலேன்னா இதைவிடச் சாது உங்க வீட்டுப் புருஷன்கூடக் கிடையாது."

முப்பது வருஷமாக அதே பேச்சு. முப்பது வருஷமாக அதே சிரிப்பு.

தபேத்தா இதையெல்லாம் சின்னத்தீவின் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பாடு அவள் பொறுப்பு. சவுக்கு மரத்தடியில் தேங்காய் துருவுவாள், பால் பிழிவாள், எலுமிச்சையில் ஊறிய பச்சை மீனில் அதை ஊற்றுவாள், தேங்காய் மட்டை நெருப்பில் சீமைப்பலாவைச் சுடுவாள். மேசையும் பெஞ்சும் கடலுக்குள்ளேயே கிடக்கும். வருகிறவர்கள் கணுக்கால் நனைய உட்கார்ந்து தின்பார்கள். வீட்டில் ஒழுங்காக மேசையில் உட்கார்ந்து தின்கிறவர்கள் இங்கே வந்து கால் நனையத் தின்பதற்குக் காசு கொடுக்கிறார்களே என்று அவளுக்கு முதல் இரண்டு வருஷம் ஆச்சரியமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

தண்ணீரில் கணுக்காலுக்கு மேல் அவள் இறங்கியதே இல்லை. பதினோரு வயதில் ஒரு திருக்கையை மிதித்து, முள் குதிகாலில் ஏறி, மூன்று மாதம் நொண்டியவள். இன்றைக்கும் மழை வந்தால் அந்த இடம் குடையும்.

*

திருக்கைகள் அங்கே வரக் காரணம் தெய்ஹோத்து இல்லை, அவன் அப்பன். பாறைக்கு வெளியே மீன் பிடித்துவிட்டுத் திரும்புகிறவர், அலை இல்லாத அந்தத் திட்டில் படகை நிறுத்தி மீனை அறுத்துக் கழுவுவார். குடலும் செவுளும் தண்ணீரில் போகும். திருக்கைகள் வந்து தின்னும். நாளடைவில் மோட்டார் சத்தம் கேட்டாலே வந்து நிற்க ஆரம்பித்தன. அப்பனுக்கு அது தொல்லை. துடுப்பால் மண்டையில் போடுவார்.

தெய்ஹோத்து அப்போது ஊரில் இல்லை. பிரெஞ்சுக்காரன் அணுகுண்டு வெடித்துப் பார்த்த தீவில் மூன்று வருஷம் சிமெண்ட் கலந்தான். கை நிறையக் காசோடு வந்தான், ஒரே வருஷத்தில் கையை உதறிக்கொண்டு நின்றான். தபேத்தாவைக் கட்டியது அந்தக் காசு இருந்தபோதுதான். பிறகு ஹோட்டலில் புல் வெட்டினான், துரத்திவிட்டார்கள். அன்னாசித் தோட்டத்துக்குப் போனான், முதுகு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பிள்ளைகள் பிறந்தன. மகள் கலியாணமாகிக் கடல் தாண்டி நூமேயா போனாள். மகன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து பனி விழுகிற ஊரில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்குப் போனில் கூப்பிடுவான். "அப்பா, உன் திருக்கைங்க எப்படி இருக்கு?" என்பான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று அதற்குப் பிறகுதான்.

கடைவீதியில் சீனக் கடைக்காரர் மகன் ரெமோன் ஒரு பெரிய படகு வாங்கி, கூரை போட்டு, சுற்றுலாக்காரர்களை ஏற்ற ஆரம்பித்தபோது தெய்ஹோத்துவைக் கூப்பிட்டான். அப்பன் கழுவிப் போட்ட குடலில் வளர்ந்த கூட்டம் மகனுக்குச் சோறு போட்டது. அவ்வளவுதான் கதை. ஆனால் தெய்ஹோத்து அதை அப்படிச் சொல்லமாட்டான்.

"என்னைத் தெரியும் அதுகளுக்கு," என்பான். "வேற எவன் இறங்கினாலும் இப்படி வராது."

"வாளியைத் தெரியும்."

"வாளி எல்லாப் படகுலயும்தான் இருக்கு."

"எல்லாப் படகுக்கும்தான் வருது."

"எங்கிட்ட வர்ற மாதிரி வராதுடீ. நீ கரையில நிக்கிறவ, உனக்கு என்ன தெரியும்?"

"யோவ், ஞாயித்துக்கிழமை நீ கோயில்ல தூணுக்குப் பின்னால கத்திக்கிட்டு இருக்கியே, அப்ப அதுக உன்னை நினைச்சு அழுவுதா? அன்னைக்குப் பூரா பட்டினி. அதனாலதான் திங்கக்கிழமை வந்து உன் மேல விழுந்து பிடுங்குதுக."

இது உண்மை. ஞாயிற்றுக்கிழமை எந்தப் படகும் போகாது. திங்கட்கிழமைத் திருக்கையைப் பற்றி அந்தக் காயலில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். திங்கட்கிழமை காலையில் விருந்தாளிகளை இறக்குவதற்கு முன்னால் அரை வாளி மீனைத் தள்ளி வீசிவிடவேண்டும். இல்லாவிட்டால் பசி வேகத்தில் தொடையையும் வயிற்றையும் சப்பிச் சிவப்பாக்கிவிடும். இதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே தெய்ஹோத்துதான்.

கூட்டத்தில் ஒன்றுக்கு அவன் மாமியார் என்று பெயர் வைத்திருந்தான். இருப்பதிலேயே பெரியது, பெட்டை. வால் பாதியில் அறுந்தது. இடது பக்கச் சிறகில் படகு உரசிய வெள்ளைத் தழும்பு. "இது என் மாமியார்," என்று விருந்தாளிகளிடம் காட்டுவான். "வால் போயிடுச்சு, வாய் போகலை."

தபேத்தாவின் அம்மா காதுக்கு இது போய்ச் சேர்ந்தது. ஆளனுப்பி வரவழைத்தாள்.

"ஏண்டா, அந்த மீனுக்கு என் பேரா வச்சே?"

"உங்க பேர வைக்கலை அத்தே. சும்மா மாமியார்னுதான் வச்சேன்."

"நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், வேற எவடா உனக்கு மாமியாரு?"

திட்டித் தீர்த்தாளே ஒழிய, உள்ளுக்குள் கிழவிக்கு அது பிடித்துப்போயிற்று. சாகிற வரை அவனைப் பார்க்கும்போதெல்லாம், "என் மீனு தின்னுச்சா?" என்று கேட்பாள். அவள் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. மீன் இருந்தது.

*

பெரிய தீவான தஹித்தியிலிருந்து படித்தவர்கள் வந்து இரண்டு வருஷம் காயலை அளந்தார்கள், திருக்கையைப் பிடித்து ரத்தம் எடுத்தார்கள். அதன்பிறகு ஊராட்சியில் கூட்டம் போட்டார்கள். மீன் போடுவதால் திருக்கைகள் கெட்டுப்போகின்றன; கூட்டமாக இடித்துக்கொண்டு புண் வருகிறது; தானாக இரை தேடுவதை மறந்துவிட்டன. ஆகவே தவக்காலம் முடிந்து வருகிற மாதத்தின் முதல் திங்கட்கிழமையிலிருந்து தண்ணீரில் ஒரு துண்டு மீன்கூடப் போடக்கூடாது. போட்டால் உரிமம் போய்விடும்.

ரெமோன் வீட்டுக்கே வந்தான். நல்லவன்தான். வரும்போது ஒரு மூட்டை அரிசியும் கொண்டுவந்தான். அதைப் பார்த்ததுமே சேதி நல்லதில்லை என்று தபேத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. காரணமில்லாமல் ரெமோன் அரிசி கொடுக்கிறவன் இல்லை.

"ஹோத்து, திருக்கை வரலேன்னா எவனும் படகுல ஏறமாட்டான். நான் இதை வித்துட்டு திமிங்கிலம் காட்டுற வேகப்படகு வாங்கப் போறேன். அதுல ஓடிப் பிடிச்சு நீந்தறதுக்குச் சின்னப் பசங்கதான் ஆகும். நீ வருத்தப்படாதே. கப்பல்துறையில என் மச்சான் இருக்கான். கயிறு கட்டுற வேலை, மாசச் சம்பளம், நிழல்ல உக்காரலாம். உனக்காகக் கேட்டு வச்சிருக்கேன்."

தெய்ஹோத்து சிரித்தான். "ஏன் விக்கிறே? அதுக வரும்."

"மீன் இல்லாமயா?"

"எனக்காக வரும், ரெமோன். முப்பது வருஷமா தடவிக் கொடுத்திருக்கேன். ஒண்ணொண்ணுக்கும் பேர் வச்சிருக்கேன். நீயே வந்து பாரேன்."

ரெமோன் தபேத்தாவைப் பார்த்தான். அவள் அரிசி மூட்டையைப் பார்த்தாள்.

"சரி," என்றான் ரெமோன். "திங்கக்கிழமை நானும் வர்றேன். பாத்துட்டு அன்னைக்குச் சாயங்காலம் கப்பல்துறை வேலைக்கு ஆமா இல்லேன்னு சொல்லிடு. மச்சான் அதுக்கு மேல காத்திருக்கமாட்டான்."

அந்தத் திங்கட்கிழமை பதினெட்டு விருந்தாளிகள். ரெமோன் படகின் முன்பக்கம் நின்றான். தெய்ஹோத்து வெறுங்கையோடு குதித்தான். தண்ணீரை மூன்று தட்டு தட்டினான்.

வந்தன. தபேத்தா கரையிலிருந்து எண்ணினாள், முப்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. இதுவரை வராத மாதிரி வந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறி அவன் மார்பு வரை வந்தன. கையைச் சப்பின, கைலியைச் சப்பின. மாமியார் அவன் தோளில் அப்படியே கவிழ்ந்து கிடந்தது. விருந்தாளிகள் கைதட்டினார்கள். ரெமோன் தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.

தெய்ஹோத்து கரையைப் பார்த்துக் கத்தினான். "பாத்தியா, தபேத்தா? வாளி எங்கே? வாளி எங்கேடீ?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். அறுபத்தொரு வயது ஆளுக்கு முகம் முதல் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தது.

இன்றைக்குத் திங்கட்கிழமைடா மடையா என்று சொல்லவேண்டியவள் அவள். நாக்கு நுனி வரை வந்தது. ஊரில் யாரிடமும் எதையும் அடக்கி வைத்ததில்லை அவள். பாதிரியாரிடமே, உங்க பிரசங்கம் நீளம், என் பன்றி பட்டினி கிடக்குது என்று சொன்னவள். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்து முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டாள். குனிந்து தேங்காயைத் துருவ ஆரம்பித்தாள். துருவல் சிவப்பாக விழுந்த பிறகுதான் கட்டைவிரல் அறுபட்டது தெரிந்தது.

சாயங்காலம் தெய்ஹோத்து கப்பல்துறை வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "கயிறா கட்டச் சொல்றான், என்னை," என்று வீட்டுக்கு வந்து சிரித்தான். அந்த வேலை பக்கத்துப் படகில் வழிகாட்டியாக இருந்த மானுவாவுக்குப் போயிற்று. மானுவாவுக்கு முப்பது வயது. திருக்கைக்கு அவன் பெயர் வைத்ததில்லை, தன் படகுக்கே பெயர் வைக்காதவன். தடை வருகிறது என்று கேட்ட அன்றே வேறு வேலை தேட ஆரம்பித்திருந்தான்.

*

செவ்வாய்க்கிழமை இருபது வந்தன. கையை மோந்து பார்த்தன. போய்விட்டன.

புதன்கிழமை ஒன்பது.

"காத்து மாறியிருக்கு," என்றான் தெய்ஹோத்து. "தண்ணி கலங்கல்."

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை மாமியாரும் இன்னும் இரண்டும் வந்தன. மாமியார் அவன் வயிற்றோடு ஒருமுறை உரசிவிட்டு, மணலைக் கிளறிக்கொண்டு பாறைப் பக்கம் போயிற்று. அவன் பின்னாலேயே மார்பளவு தண்ணீர் வரைக்கும் நடந்தான். விருந்தாளிகளைப் படகோட்டி கூப்பிட்டு ஏற்றினான்.

மறு வாரத் திங்கட்கிழமை மேல் ரெமோனுக்கு நம்பிக்கை இருந்தது. ஆனால் அதற்குள் திங்கட்கிழமையும் மற்ற கிழமை மாதிரி ஆகிவிட்டது. எல்லா நாளும் பட்டினி என்றால் அப்புறம் திங்கள் என்ன, வியாழன் என்ன. அதுகள் சிப்பி தேடப் போயிருந்தன. ஒன்றுகூட வரவில்லை.

ரெமோன் கடைசியாக ஒரு தவணை கொடுத்தான். வியாழக்கிழமை பெரிய ஹோட்டலிலிருந்து ஆட்களை அனுப்பி வைக்கிற அம்மாளை அழைத்து வருகிறேன், அவள் பார்த்துச் சரி என்றால் இந்த வருஷம் ஓட்டலாம் என்றான்.

புதன்கிழமை தபேத்தா மத்தியானச் சோற்றை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாதே. நாளைக்குக் கால்ல சூரை எண்ணெய் தேச்சுக்கிட்டு இறங்கு. கைலிக்கு உள்ள, தொடையில. ஒருத்தருக்கும் தெரியாது. தண்ணியில மீன் போட்டாத்தானே தப்பு? எண்ணெய் மீனில்லை."

அவன் கையைச் சோற்றிலிருந்து எடுத்தான்.

"அப்ப அதுக யாரைத் தேடி வரும்?"

"யாரைத் தேடி வந்தா என்னய்யா? வந்தாப் போதாதா? சோறு வேணும்ல?"

"எண்ணெய் பூசிக்கிட்டு நிக்கறதுக்கு என் அப்பன் போட்ட குடலே தேவலாம். அதையாவது குடல்னு தெரிஞ்சு தின்னுச்சு." கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். "அது என்னைத் தேடி வரும். நீ முப்பது வருஷமா இதையேதான் இல்லேன்னு சொல்லிக்கிட்டு இருக்கே. நாளைக்குப் பாரு."

அந்த முதல் திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் இப்போது கயிறாவது கட்டிக்கொண்டிருப்பான் என்று அவள் நினைத்தாள். தட்டிலிருந்த சோற்றைப் பன்றிக்குக் கொண்டுபோனாள்.

வியாழக்கிழமை அவன் புதுக் கைலி கட்டினான். இரண்டு காதிலும் பூ வைத்தான். ஹோட்டல் அம்மாள் வெள்ளைத் தொப்பியோடு படகில் உட்கார்ந்திருந்தாள். ஆறு பேர் தண்ணீரில் இறங்கி, சொன்னபடி காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, வரிசையாக நின்றார்கள். தெய்ஹோத்து மூன்று தட்டு தட்டினான்.

நின்றார்கள்.

மறுபடி தட்டினான். இந்தத் தடவை ஐந்தாறு தட்டு. பிறகு பாடினான். தூணுக்குப் பின்னால் பாடுகிற அதே குரலில், கோயில் பாட்டை. சின்னத்தீவில் இருந்த கடற்பறவைகள் பறந்துபோயின. விருந்தாளிகளில் ஒருத்தன் மரியாதைக்குக் கைதட்டினான். ஒரு பெண், திருக்கை கிடைக்காததால், அவனையே படம் எடுத்துக்கொண்டாள். முக்கால் மணி நேரம் நின்றார்கள். குளிரில் உதடு நீலமாகி ஒவ்வொருவராக ஏணியைப் பிடித்தார்கள். கடைசியில் அவன் மட்டும் தட்டிக்கொண்டிருந்தான்.

"ஹோத்து," என்று ரெமோன் கூப்பிட்டான். "போதும். ஏறு."

"இப்ப வந்துடும்."

"ஏறுப்பா."

சாப்பாட்டு மேசையில் ஹோட்டல் அம்மாள் தபேத்தாவின் பச்சை மீனை இரண்டு தடவை வாங்கித் தின்றாள். ரொம்ப ருசி என்றாள். படகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

*

படகு அந்த மாதமே பக்கத்துத் தீவுக்காரனுக்குப் போயிற்று. தபேத்தா கப்பல்துறைக்கு முன்னால் பச்சை மீனும் சுட்ட சீமைப்பலாவும் விற்க ஆரம்பித்தாள். மானுவா நிழலில் உட்கார்ந்திருந்தபடி, "பெரியம்மா, பெரியப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்பான். "உக்காந்திருக்காரு," என்பாள். வேறு சொல்ல ஒன்றும் இல்லை. உட்கார்ந்துதான் இருந்தான். வீட்டுக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட மரத்தோணியின் மேல். பாட்டுக்குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டான். தூணுக்குப் பின்னால் இடம் காலியாக இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

அவனோடு சண்டை போடவும் முடியவில்லை. எது சொன்னாலும் சரி என்றான். முப்பத்தெட்டு வருஷம் எதிர்த்துப் பேசிப் பேசியே குடித்தனம் நடத்தியவளுக்கு அது வீட்டில் பிணம் கிடக்கிற மாதிரி இருந்தது.

நாலு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை அவனாகவே பேசினான்.

"திங்கக்கிழமை திட்டுக்குப் போயிட்டு வரலாமா? தோணியில. நீயும் வா."

"என்னத்துக்கு?"

"சும்மா. இப்ப பட்டினியெல்லாம் தீந்திருக்கும். தானா தின்னு பழகியிருக்கும். பசி இல்லேன்னா நிம்மதியா வந்து பாக்கும்ல."

சரி என்றாள். ஏன் திங்கட்கிழமை என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில், மீன் வெட்டும்போது, சூரையின் வயிற்றுப் பாகத்தில் கொழுப்பு நிறைந்த ஒரு விரல் நீளத் துண்டை எடுத்து இலையில் சுற்றினாள். இடுப்புக் கைலி முடிச்சில் சொருகிக்கொண்டாள். அவன் காலடியில், அவன் பார்க்காதபோது, நழுவ விட்டால் போதும். ஒன்று வந்து உரசிவிட்டுப் போனால் போதும். வீட்டுக்கு வந்து, பாத்தியா என்று கத்துவான். அவள், வாளியைத் தேடி வந்திருக்கும் என்பாள். பழையபடி ஆகும்.

துடுப்பு இரண்டு பேரும் போட்டார்கள். திட்டில் ஒரு படகும் இல்லை. அவன் இறங்கிப் போய் வழக்கமான இடத்தில் நின்றான். உள்ளங்கையை மேலே பார்க்க விரித்துத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டான்.

திருக்கைகள் இருந்தன. ஏழெட்டு. மணலை ஊதிக் கிளறிச் சிப்பியை நொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. நன்றாகக் கொழுத்திருந்தன. சிறகில் இருந்த புண்ணெல்லாம் ஆறியிருந்தது. அவன் இருக்கிற பக்கம் வந்தவை அவன் காலைக் கண்டு ஒதுங்கி, நட்டு வைத்த கம்பைச் சுற்றிப் போகிற மாதிரி சுற்றிக்கொண்டு போயின. அவன் மூன்று தட்டு தட்டினான். சத்தத்துக்கு இரண்டு விலகிப் போயின.

"நீயும் இறங்கேன்," என்றான் திரும்பாமல். "முப்பது வருஷமா கரையிலயே நின்னுட்டே. காலைத் தேச்சு நட, ஒண்ணும் ஆகாது."

அவள் தோணியின் பக்கக் கட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் முட்டிக்கு வந்தது, தொடைக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. குதிகாலில் பழைய இடம் தானாகக் குடைந்தது. அவனுக்குப் பத்தடி பின்னால் நின்று முடிச்சில் கை வைத்தாள்.

பாறைப் பக்கமிருந்து பெரியது ஒன்று வந்தது. வால் பாதி. இடது சிறகில் வெள்ளைத் தழும்பு.

"மாமியார்," என்றான் அவன். "வா. வா. வந்துட்டா பாரு, தபேத்தா."

அது நேராக அவனைப் பார்த்து வந்தது. விரித்த இரண்டு கைக்கும் நடுவில் வந்தது. அவன் முழங்காலை ஒட்டி, நிற்காமல், கடந்து வந்தது. தபேத்தா பின்னால் நகர்வதற்குள் அவள் வயிற்றில் ஏறிவிட்டது. குளிர்ந்த, எலும்பில்லாத வாய் ஒன்று கைலி முடிச்சைக் கவ்விச் சப்பியது. அவள் கையை மேலே தூக்கிக்கொண்டு நின்றாள்.

அவன் திரும்பினான். மீனைப் பார்த்தான். முடிச்சைப் பார்த்தான். முடிச்சிலிருந்து தண்ணீரில் எண்ணெய் ஒரு சின்ன வானவில்லாகப் பரவிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தான்.

"உங்கம்மா உன்கிட்டதான் வந்திருக்கா," என்றான்.

சிரிப்பதற்குத்தான் சொன்னான். அவள் சிரித்திருக்கலாம்.

அவன் காலைத் தேய்த்துத் தேய்த்து அருகில் வந்தான். முடிச்சை அவிழ்த்து இலையைப் பிரித்து அந்தத் துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தான். "கையைத் தட்டையா வை. விரலை மடக்காதே, பல்லு தகடு மாதிரி இருக்கும், நசுக்கிடும். பயப்படாதே." முப்பது வருஷம் ஊர் பேர் தெரியாதவர்களுக்குச் சொன்ன அதே நிதானத்தில் சொன்னான்.

அவள் கையை நீட்டினாள். திருக்கை கையை மூடிக்கொண்டு படர்ந்தது. எடுத்துக்கொண்டது. போய்விட்டது. வாசனைக்கு இன்னும் இரண்டு வந்து அவள் விரல்களை மோந்தன. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவையும் போயின.

"ஹோத்து," என்றாள்.

"ஏறு. வெயில் ஏறுது. கப்பல் வர்ற நேரம், நீ கடை போடணும்."

திரும்பும்போது அவள்தான் துடுப்புப் போட்டாள். அவன் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துடுப்பை எடுத்து மடியில் வைத்திருந்தான், போடவில்லை. காதோரம் வைத்திருந்த பூ எங்கோ விழுந்திருந்தது.

கரையேறி நடந்தார்கள். பாதையில் நாய் படுத்திருந்தது. அவன் சுற்றிக்கொண்டு போனான். பின்னால் வந்த தபேத்தா ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு அவளும் சுற்றிக்கொண்டு போனாள்.